நூபாரியன் நூலகமும் ஆர்மீனியர் நினைவும்

ஆர்மீனிய மொழியின் முதற் சஞ்சிகை தோன்றிய இடம் ஆர்மீனியா அன்று, சென்னைப் பட்டினமாகும். ஹருத்தியூன் ஷ்மாவோனியன் என்னும் குருவானவர் 1794இல் அங்கு அச்சிட்டு வெளியிட்ட 'அஸ்தரார்' என்பதே அது. தமக்கென அரசில்லாத ஒரு மக்கட் கூட்டத்தார் தம் எழுத்தைப் பிறர் நாடுகளில் வாழ்ந்தே பேண வேண்டியிருந்தனர் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு அண்மையிலுள்ள சான்று இது. அத்தகைய முயற்சிகளுள், பேரழிவொன்றின் பின் எழுந்தது பாரிசு நகரின் நூபாரியன் நூலகம். 1928இல் நிறுவப்பட்ட அந்நூலகம் எத்தேவையினாற் பிறந்தது, அங்கு சேர்ந்த ஏடுகள் யாவை, அவற்றுள் ஒரு கட்டு காணாமற் போனமையால் விளைந்தது யாது என்பனவற்றையே ஈண்டு நோக்க விழைகின்றோம்.

1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாளிரவு கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆர்மீனிய எழுத்தாளர், ஆசிரியர், மருத்துவர், அரசியலாளர் எனப் பலர் கைதாகி உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். தொடர்ந்த மாதங்களில் ஒட்டோமன் பேரரசின் ஆர்மீனியர் ஊரூராக வெளியேற்றப்பட்டுச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். கொல்லப்பட்டும், வழியிலும் முகாம்களிலும் பசியாலும் நோயாலும் வாடியும் மாண்டோர் தொகை 10 இலட்சத்துக்கு மேற்பட்டதென்பது ஆய்வாளர் பலரின் துணிபு. மக்களோடு மடாலயங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் அழிந்தன. இன்னார் இவ்வூரிற் பிறந்தார், இன்னார் இவரை மணந்தார் என்று கூறவல்ல கோயிற் பதிவேடுகளும் ஊரோடு மறைந்தன. எஞ்சிய அரச ஆவணங்களோ வெளியேற்றத்துக்கு ஆணையிட்ட அரசின் கையிலேயே இருந்தன. நடந்ததை நிறுவும் கடமை பாதிக்கப்பட்டோர் மேல் வீழ்ந்தபோது அவர்களிடம் சுவடிக்கூடம் இருக்கவில்லை. இந்நிலையை மனங்கொள்ளாது நூபாரியன் நூலகத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளல் இயலாது.

நூலகத்தை நிறுவியவர் போகோஸ் நூபார். எகிப்தின் பிரதம மந்திரியாயிருந்த நூபார் பாஷாவின் மைந்தர். 1906இல் கெய்ரோவில் ஆர்மீனியப் பொதுநல ஒன்றியத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். 1919இன் பாரிசு சமாதான மாநாட்டில் ஆர்மீனியத் தேசியத் தூதுக்குழுவின் தலைவர். அங்கு வேண்டிய நாடு கிடைக்கவில்லை. 1923இன் லொசான் உடன்படிக்கையில் ஆர்மீனியாவின் பெயரே இடம்பெறவில்லை. சோவியத் ஆர்மீனியா இருந்ததாயினும், பிரான்சிலும் சிரியாவிலும் லெபனானிலும் சிதறியோரின் சொந்த ஊர்கள் அதன் எல்லைக்குள் இருக்கவில்லை. நாடு கிடையாதவிடத்து நூலகம் கிடைத்தது என்றல் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் தூதுக்குழுவின் கோப்புகளும், அகதிகள், அநாதைக் குழந்தைகள் பற்றிய ஒன்றியத்தின் பதிவுகளும் ஓர் அரசு இருந்திருப்பின் அதன் சுவடிக்கூடத்துக்குச் சென்றிருக்க வேண்டியவை. அவை இந்நூலகத்தையே வந்தடைந்தன.

முதல் நூலகர் ஆராம் அந்தோனியன் பத்திரிகையாளராயிருந்தவர். 1915 ஏப்பிரலிற் கைதானோருள் அவரும் ஒருவர். வழியிற் கால் முறிந்தமையால் மருத்துவமனையில் விடப்பட்டு உயிர் தப்பினார். பின்னர் நாடு கடத்தப்பட்டோருடன் சிரியாவை அடைந்து, அலெப்போவில் மறைந்து வாழ்ந்தார். 1918 ஒக்டோபரில் ஒட்டோமன் படை அந்நகரை விட்டு நீங்கியதும், உயிர் பிழைத்தோரைத் தேடி அவர்கள் கண்டவற்றை எழுத்திற் பதியத் தொடங்கினார். மெஸ்கெனே, ராஸ்-அல்-அய்ன், தேர்-எஸ்-சோர் ஆகிய இடங்களின் முகாம்களில் நிகழ்ந்தவற்றை அங்கிருந்தோர் வாய்மொழியாகவே நாம் அறிதற்கு அப்பணியே முதற் காரணம். துயரம் ஆறுமுன்னரே சான்று திரட்டும் அறிவு அவரிடம் இருந்தது. 1928 முதல் 1951இல் மறையும்வரை நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது.

ஆனால் அந்தோனியன் பெயரை உலகறியச் செய்தவை அவ்வாய்மொழிகள் அல்ல. அலெப்போவின் நாடுகடத்தல் அலுவலகத்திற் பணியாற்றிய நாயிம் பே என்பவரிடமிருந்து சில ஆவணங்களையும் நினைவுக் குறிப்புகளையும் அவர் பெற்று, 1920இல் நூலாக வெளியிட்டார். உள்நாட்டு அமைச்சர் தலாத் பாஷா கொலைக்கு ஆணையிட்டதாகக் காட்டும் தந்திகள் அதில் இடம்பெற்றன. மூலப்பிரதிகள் பின்னர் காணாமற் போயின. 1983இல் ஒரெல், யூஜா என்னும் துருக்கிய ஆசிரியர் இருவர், தேதிக் கணக்கிலும் கையொப்பத்திலும் உள்ள முரண்களைக் காட்டி இவை போலியென வாதிட்டனர். மூலம் இல்லாதவிடத்து மறுப்பது கடினம். நிறுவுவது அதனினும் கடினம். அந்தோனியனே 1937இல் எழுதிய கடிதமொன்றில், தமது நூல் வரலாற்று நூலாக அன்றிப் பிரசார நோக்குடன் எழுதப்பட்டதென ஒப்புக்கொண்டுள்ளார். இதனை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. அவ்வொப்புதலைக் கொண்டு இனப்படுகொலையையே மறுக்க முனைவது அதனினும் பெரும் பிழை.

கிரிகோர் குவேர்குவேரியன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் சிறுவயதில் அவ்வழிவில் தப்பியவர். அவர் 1950இல் நூபாரியன் நூலகத்தில் நாயிம் பேயின் குறிப்புகளைப் படம் பிடித்து வைத்திருந்தார். அப்படச்சுருள்களை ஆதாரமாகக் கொண்ட தானேர் அக்சாம் என்னும் துருக்கிய வரலாற்றாசிரியர் 2016இல் வெளியிட்ட நூலில், நாயிம் என்னும் அலுவலர் உண்மையில் இருந்தார் என்றும், தந்திகளின் சங்கேத முறை அக்கால ஒட்டோமன் வழக்கோடு பொருந்துகின்றதென்றும் காட்டினார். ஒருவர் நூலகத்திற் கழித்த சில நாட்கள் அறுபத்தாறு ஆண்டுகளின் பின் பயன் தந்தன. ஏடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போதே படியெடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நூலகப் பணியாளர் நன்கறிவர். உலகப் போர்க் காலத்தில் ஜேர்மானியர் பாரிசைக் கைப்பற்றியபோது இந்நூலகமும் சூறையாடப்பட்டது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

நூலகத்தின் உயிர்நிலை தந்திகளில் இல்லை என்பதே எமது கருத்து. ஆணை ஒருவர் கையெழுத்து. அழிவோ ஆயிரமாயிரம் பேரின் அனுபவம். தனித்தனியே எழுதப்பட்ட வாய்மொழிகள் ஒரே முகாமைப் பற்றி ஒத்துரைக்கும்போது, எந்தவொரு மூலப்பிரதியின் இழப்பும் அவற்றை அசைத்தல் அரிது. தப்பியோர் தம் ஊர்ச் சங்கங்கள் வாயிலாக வெளியிட்ட 'ஹுஷாமத்யான்' எனப்படும் நினைவேடுகளும் இவ்வகையினவே. ஊரின் தெருக்கள், தொழில்கள், குடும்பங்கள், பேச்சுவழக்கு ஆகியன அவற்றில் நினைவிலிருந்து மீட்டெழுதப்பட்டுள்ளன. அந்தோனியன் திரட்டிய வாய்மொழிகள் நெடுங்காலம் நூலகப் பெட்டிகளிலேயே கிடந்தன. 1986 முதல் நூலகத்தின் பொறுப்பாளராயிருந்த றேமொன் கெவோர்க்கியன் அவற்றைத் தொகுத்து 1998இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அலெப்போவில் அவை எழுதப்பட்டு அப்போது எண்பதாண்டுகள் ஆகியிருந்தன.