நாவும் நடுநிலையும்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடி கல்விக்கூடத்தை ஒட்டிய மதுக்கூடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. லியோனார்ட் லீ என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் அங்கு வந்தவர்களுக்கு இரு சிறு குவளைகளை நீட்டினர். ஒன்றில் வழக்கமான பீர். மற்றொன்றில் அதே பீருடன் சில துளி பால்சமிக் வினிகர். எதில் என்ன கலந்துள்ளது என்று அறியாமல் சுவைத்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் வினிகர் கலந்ததையே விரும்பினர். சுவைக்கும் முன்னரே உண்மையை அறிந்தவர்களிடம் அவ்விருப்பம் வெகுவாகக் குன்றியது. மூன்றாம் குழுவினருக்குச் சுவைத்து முடித்த பின்னரே செய்தி சொல்லப்பட்டது. அவர்களுடைய தீர்ப்போ, அறியாதவர்களின் தீர்ப்பை ஒட்டியே நின்றது.

மூன்றாம் குழுவின் விடையில்தான் இவ்வாய்வின் சிறப்பு உள்ளது. முன்னறிவு தீர்ப்பை மட்டும் மாற்றுவதாயின், குடித்த பின் கேட்டவர்களும் தம் சொல்லை மாற்றியிருக்க வேண்டும். அவர்கள் மாற்றவில்லை. ஆகவே முன்னறிவு, சுவை என்னும் உணர்வு உருவாகும் பொழுதே உள்நுழைந்து அதனைத் திரிக்கிறது. சிற்றாலைகளில் வடிவம் பெறும் பீர்களை வீட்டிலும் வெளியிலும் ஒப்பிட்டு மகிழ்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இது. தனிக் குவளையை மதிப்பிடுவதில் நம் நாவும் மூக்கும் எளிதில் ஏமாறும். இரண்டை அருகருகே வைத்து வேறுபாடு காண்பதில் அவை வியத்தகு கூர்மை காட்டும். அந்தக் கூர்மைக்கு இடமளிப்பதே ஒப்பீட்டின் அறிவியல்.

நான்கு பொருள்கள், பல நூறு முகங்கள்

பவேரியாவில் 1516ஆம் ஆண்டு இங்கோல்ஸ்டாட் நகரில் பிறந்த ஆணை, பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே ஒப்பியது. நான்காவதான ஈஸ்ட் அதில் இடம்பெறவில்லை. அந்நுண்ணுயிரின் பணி அக்காலத்தில் எவருக்கும் விளங்கியிருக்கவில்லை. இந்நான்கில் ஒவ்வொன்றும் குவளையில் தனக்குரிய அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டச் செய்து, பின்னர் வெப்பக் காற்றில் உலர்த்துவதால் மால்ட் கிடைக்கிறது. முளைக்கும் தானியத்தில் எழும் நொதிகள், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆற்றல் கொண்டவை. உலர்த்தும் வெப்பம் மிதமாக இருந்தால் ரொட்டியின் மணமும் வைக்கோல் நிறமும் அமையும். மிகுந்தால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தோன்றும். டேனியல் வீலர் என்னும் ஆங்கிலேயர் 1817ஆம் ஆண்டு, மால்ட்டைக் கருக்காமல் கறுப்பாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்டர், ஸ்டவுட் வகைகளின் காப்பி மணமும் கருநிறமும் இவ்வறுவலின் பேறு.

நீரின் பங்கு கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் ஊர்களின் புகழையே வகுத்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்பேட்டு, ஹாப்ஸின் கசப்பை வறண்டதாகவும் கூர்மையாகவும் எடுத்துக்காட்டியது. போகீமியாவின் பில்சென் நகரத்து நீரோ உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். அங்கு 1842இல் யோசெஃப் குரோல் ஆக்கிய பொன்னிறப் பீரில் கசப்பு உறுதியாக இருந்தும் உறுத்தவில்லை. இன்று உலகெங்கும் பருகப்படும் வெளிர்நிற லாகர் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

மணத்தின் பெரும்பகுதியை வகுப்பது ஈஸ்ட். ஏல் வகை ஈஸ்ட், ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் வேலை செய்து பழமணம் தரும் எஸ்டர்களை உண்டாக்குகிறது. பவேரியக் கோதுமைப் பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழக் காரணம், அதற்குரிய ஈஸ்ட் ஈனும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் வினைல் குவையகோலும் ஆகும். அப்பீரில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. லாகர் ஈஸ்ட்டோ குளிரில் மெல்ல உழைத்துத் தூய, அடங்கிய சுவையைத் தருகிறது. அது ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட். தென்னமெரிக்காவின் படகோனியக் காடுகளில் அது கண்டறியப்பட்ட செய்தி 2011இல்தான் வெளியாயிற்று.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூங்கொத்து. சிற்றாலை இயக்கத்தின் அடையாளமாக விளங்குவது அதுவே. அமெரிக்காவின் ஓரிகனில் வளர்த்தெடுக்கப்பட்டு 1972இல் வெளியான கேஸ்கேடு என்னும் வகை, ஆரஞ்சு இனப் பழத்தோலின் நறுமணம் உடையது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1980 முதல் ஆக்கிய பேல் ஏலில் அந்நறுமணம் முன்னுக்கு வந்து நின்றது. கசப்புக்காகக் கொதிநிலையில் இடும் பொருளை, மணத்துக்காகக் குளிர்ந்த பீரிலும் இடும் வழக்கம் அதன்பின் பல ஆலைகளில் பரவிற்று.

எண் வேறு, உணர்வு வேறு

சிற்றாலைப் பீர்ப் புட்டிகளின் மீது ஐபியூ என்னும் கசப்பளவைக் காணலாம். ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறி, நீரில் எளிதில் கரையும் கசப்புப் பொருள்களாகின்றன. ஒரு லிட்டரில் அப்பொருள் ஒரு மில்லிகிராம் இருப்பின், அது ஏறத்தாழ ஓர் அலகு. வகைமுறைக் கையேடுகளின்படி பவேரியக் கோதுமைப் பீர் 8 முதல் 15 அலகும், செக் பில்ஸ்னர் 30 முதல் 45 அலகும், அமெரிக்க ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) 40 முதல் 70 அலகும் கொள்ளும். பேரரசு ஸ்டவுட் எனப்படும் செறிந்த கருநிறப் பீரோ 50 முதல் 90 அலகு வரை செல்லும்.

எண்ணை மட்டும் நோக்குவோர் ஸ்டவுட்டே நாவை மிகுதியாகத் தாக்கும் எனக் கருதுவர். குடிப்பவருக்கோ பெரும்பாலும் ஐபிஏதான் கூர்மையாகக் கசக்கும். ஸ்டவுட்டில் எஞ்சிய இனிப்பும் செறிவும் கசப்பைத் தாங்கி மறைக்கின்றன. மாந்தருக்குள்ள ஏறத்தாழ 25 வகைக் கசப்பு ஏற்பிகளில் மூன்று ஹாப்ஸின் கசப்புக்கு வினைபுரிவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வேற்பிகளின் கூர்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ஒரே குவளையைச் சுவைத்து ஒருவர் கடுங்கசப்பு என்பதும் மற்றொருவர் அளவான கசப்பு என்பதும் இருவர்க்கும் உண்மையே.

நாம் சுவை என்று கொள்வதில் பெரும்பங்கு மணத்தினுடையது. விழுங்கியதும் வெளிவிடும் மூச்சு, தொண்டையின் பின்வழியாக மணத்தை மூக்குக்குக் கொண்டு செல்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரு பீர்களைச் சுவைத்தால் இனிப்பு, புளிப்பு, கசப்பு, குமிழின் குத்தல் ஆகியவையே எஞ்சும். பழமும் பூவும் மசாலையும் மறைந்துவிடும்.

குமிழின் குத்தலும் வெறும் தொடுவுணர்வு அன்று. கரியமில வாயுவை நாவிலுள்ள ஒரு நொதி அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலத்தைப் புளிப்பு உணரும் அணுக்களும் வலியுணரும் நரம்பும் அறிகின்றன. உயர்மலை நோய்க்கு அசிட்டசோலமைடு என்னும் மருந்து உட்கொள்ளும் மலையேறிகளுக்குப் பீரும் சோடாவும் சப்பென்று தோன்றுவது இதனாலே. அம்மருந்து அந்நொதியின் செயலைத் தடுக்கிறது.

வெப்பநிலையும் தீர்ப்பை மாற்றும். மிகுந்த குளிரில் மணப்பொருள்கள் குவளையைவிட்டு எழுவதில்லை, இனிப்புணர்வும் மங்குகிறது. மெல்லிய லாகருக்கு 4 முதல் 7 டிகிரி பொருந்தும். செறிந்த ஏல்களுக்கு 10 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒன்றையும், அரைமணி கழித்து மற்றொன்றையும் சுவைப்பவர் பீர்களை ஒப்பிடவில்லை, வெப்பநிலைகளை ஒப்பிடுகிறார்.

ஆலைகள் ஈன்ற அளவியல்

இத்தகைய குழப்பங்களைக் களையப் பெரிதும் முயன்றவை பீர் ஆலைகள். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதனால் இன்று ஆக்கிய பீரை நாளையும் அவ்வாறே ஆக்க முடிந்தது. வேறுபாடு தற்செயலா, திட்டமா என்று சொல்லவும் முடிந்தது. அதே ஆய்வகத்தில் அதே ஆண்டில் யோகான் கெல்டால் தானியத்தின் நைட்ரஜனை அளக்கும் முறையை வகுத்தார். 1909இல் சோரன்சன் அமிலத்தன்மைக்கு பிஎச் அளவுகோலைத் தந்தார். ஆங்கிலேய ஆலையாளர் யோசப் லவிபாண்டு, பீரின் நிறத்தை ஒப்பிட வண்ணக் கண்ணாடித் தகடுகளை வகுத்தார்.

டப்ளினின் கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் எதிர்கொண்ட இடர் வேறு. அவர் கையில் இருந்த மாதிரிகளோ மிகச் சில. அவற்றிலிருந்து உறுதியான முடிவு காண்பது எவ்வாறு? அதற்கான கணிதத்தை 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்டார். இன்று மருத்துவம் முதல் வேளாண்மை வரை பயிலும் டி-சோதனையின் தோற்றம் அது.

சுவைஞர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது, 1940களில் கார்ல்ஸ்பெர்க்கில் உருவான முக்குவளைச் சோதனை. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் சுவைப்பவர் சொல்ல வேண்டும். எது சிறந்தது என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. வேறுபாட்டையே காண இயலாதவர் சிறப்பைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு அடித்தளம் இல்லை என்பது இதன் அடிப்படை.

வீட்டில் ஒப்பிடுதல்

நிலைமைகளை ஒன்றுபோல் ஆக்குவதற்கு வீடே ஏற்ற இடம். ஒரே வடிவக் குவளைகள் வேண்டும். எண்ணெய்ப்பசையும் சோப்பின் எச்சமும் நுரையைக் கொல்லும். ஆதலால் அவற்றை நன்கு கழுவிக் குளிர்நீரில் அலசுதல் நலம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் போதும். பீரை ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர் வேறொருவர் என்று பிரித்துக்கொண்டு, குவளையின் அடியில் குறியிடலாம். நிறமும் காட்டிக்கொடுக்கும், ஆதலால் மங்கிய ஒளியில் அல்லது ஒளிபுகாக் குவளையில் சுவைப்பது நன்று.

நண்பர் அறுவர் முக்குவளைச் சோதனையை மேற்கொண்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்ல வேண்டும்? குருட்டடியாக ஒருவர் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆறு பேரில் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ குருட்டடியால் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு. ஐவரோ அறுவருமோ வெல்லும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே நால்வரின் வெற்றி ஐயத்துக்குரியது. ஐவரின் வெற்றி நம்பத்தக்கது. பெயரை மறைப்பதும் இன்றியமையாதது. அலிசன், யுல் ஆகிய இருவர் 1964இல் வெளியிட்ட ஆய்வில், பெயரறியாமல் சுவைத்தவர்கள் தம் வழக்கமான பீரைப் பொதுவாக இனங்காணவில்லை. பெயர்ச்சீட்டு தெரிந்ததும் அதற்கே கூடுதல் மதிப்பளித்தனர்.

வரிசையிலும் கவனம் வேண்டும். கடுங்கசப்புக்குப் பின் வரும் மென்பீர் நீர்போல் தோன்றும். ஆகவே மென்மையிலிருந்து கடுமைக்கும், குறைந்த ஆல்கஹாலிலிருந்து மிகுந்ததற்கும் செல்வது முறை. இடையிடையே நீரும் உப்பிடாத ரொட்டியும் நாவைத் துலக்கும்.

கெட்ட பீரை நல்ல பீரோடு ஒப்பிட்டுவிடவும் கூடாது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றமுள்ள ஒரு சேர்மம் பிறக்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே மூக்கு அதனை அறிந்துவிடும். பழுப்புப் புட்டி அவ்வொளியைத் தடுப்பதற்கே. வெப்பத்தில் கிடந்து பழசான பீரில் நனைந்த அட்டையின் சுவை தோன்றும். வெண்ணெய் மணம் மேலோங்கினால், ஈஸ்ட் தன் பணியை முடிக்குமுன் பீர் பிரிக்கப்பட்டிருக்கலாம்.

வெளியில் ஒப்பிடுதல்

வீட்டில் கிடைக்காத இரண்டு மதுக்கூடத்தில் கிடைக்கும்: புதுமையும் பீப்பாயும். மணத்துக்காக மிகுதியாக ஹாப்ஸ் இட்ட பீர், ஆக்கிய சில கிழமைகளிலேயே மணத்தை இழக்கத் தொடங்கும். ஆலையோடு இணைந்த கூடத்தில் பருகும்போது ஆலையாளர் எண்ணிய சுவை பெரிதும் அவ்வாறே கிடைக்கும். கின்னஸ் 1959 முதல் பீப்பாய்ப் பீரில் நைட்ரஜனைப் பயன்படுத்தியது. அது பீரில் எளிதில் கரையாதாகையால் குமிழ்கள் நுண்ணியவாகி, நுரை பாலேடுபோல் அமைந்து, கரியமில வாயுவின் குத்தல் குறைகிறது. அதே வகைப் பீரை நைட்ரஜனின்றிப் புட்டியில் பருகினால் அது வேறொரு பீராகவே தோன்றும்.

வெளியிடத்தின் குறைகளும் தெரிந்தவையே. துப்புரவற்ற குழாய் புளிப்பையும் வெண்ணெய் மணத்தையும் ஏற்றிவிடும். அப்பழி ஆலையின் மேல் விழும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இசையைக் கேட்டபடி பருகியோர் அதே மதுக்கலவையைக் கூடுதல் இனிப்பாக உணர்ந்தனர். எனவே சிறு குவளைகளை வரிசையாகத் தரும் கூடத்தில், ஒரே வகையைச் சேர்ந்த மூன்றைக் கேட்டுப் பெறுவதே பயன் தரும். ஒரு ஸ்டவுட்டையும் ஒரு கோதுமைப் பீரையும் வேறுபடுத்த எவர்க்கும் இயலும். மூன்று பில்ஸ்னர்களுக்கிடையே வேறுபாடு காணும்போதுதான் மால்ட்டும் நீரும் ஹாப்ஸும் தனித்தனியே பேசத் தொடங்கும்.

இரு இடங்களும் இரு வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. வேறுபாடு உண்மையில் உண்டா என்பதை வீடு சொல்லும். அப்பீர் தன் சிறந்த நிலையில் எவ்வாறிருக்கும் என்பதைக் கூடம் சொல்லும். நிறம், மணம், சுவை, வாயில் தங்கும் செறிவு ஆகியவற்றைப் பெயர்ச்சீட்டைக் காணுமுன் எழுதிவைத்தால், இரு விடைகளையும் பின்னர் இணைத்துப் பார்க்கலாம்.

எங்குச் சுவைத்தாலும் ஓர் எல்லை உண்டு. சுவைக்கும் கருவியையே ஆல்கஹால் மழுக்குகிறது. குவளைகள் பெருகப் பெருகக் குறிப்பேட்டின் மதிப்பு குறைகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவகைகளை 1988இலேயே புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உடல்நலம் வேண்டும் அளவும் நல்ல ஒப்பீடு வேண்டும் அளவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சில வாய் பீர், கூர்ந்த கவனம், நேர்மையான குறிப்பு: ஒப்பிடுவோர்க்கு இம்மூன்றும் போதும், நான்காம் குவளை புதிதாக எதையும் கற்பிப்பதில்லை.