சுருட்டறையும் இல்லறமும்

'நாற்றம்' என்னுஞ் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. நாளடைவில் அது தாழ்ந்து, மூக்கைப் பொத்த வைக்கும் மணத்துக்கே உரியதாயிற்று. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். வகுப்பிலே இதற்கு விளக்கங் கூறும்போதெல்லாம் எனக்குச் சுருட்டின் நினைவு வரும். ஒரு சொல் பொருள் மாறப் பல நூற்றாண்டுகள் செல்லும். சுருட்டின் புகையோ, பிடிப்பவர் வாயினின்று அடுத்த அறைக்குச் செல்வதற்குள் மணமாயிருந்தது நாற்றமாகி விடுகின்றது. பொருள் ஒன்றே, நுகரும் மூக்குத்தான் வேறு.

வீட்டினுள் ஒருவர் சுருட்டுப் பிடிக்கும் அறை இருப்பின், அதன் புகையையும் மணத்தையும் எவ்வளவு தூரம் அடக்கலாம்? எந்த எல்லைக்கு அப்பால் அடக்க இயலாது? இவையே இக்கட்டுரை ஆராயும் வினாக்கள். இலக்கணம் படிப்பிப்பவனுக்கு இவ்வாராய்ச்சி ஏன் என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். வீட்டிலே முதியவர் ஒருவரும், சிறு குழந்தை ஒன்றும், ஏட்டுச் சுவடிப் பெட்டி ஒன்றும் இருப்பின் எவருக்கும் இவ்வாராய்ச்சி தானே வந்து சேரும்.

சுருட்டு நமக்கு அயலானதன்று. ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்குஞ் சொல் நமது 'சுருட்டு' என்பதன் திரிபே. ஆயினும் புகையிலைச் செடி அமெரிக்கக் கண்டத்தது. ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. ஆகவே சங்க நூல்களிலே அகிற்புகை உண்டு; புகையிலைப் புகை இல்லை. பின்னாளிற் சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடுமளவுக்கு அது நாட்டில் வேரூன்றிவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்ற பெரும் வாணிகப் பண்டம். பின்னர்த் தென்னிலங்கை ஊர்களில் நம்மவர் நடத்திய சுருட்டுக்கடைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டன. எத்தனையோ பிள்ளைகளைப் படிக்கவைத்தன. 'புகையிலை' என்பதனைப் புகைக்கும் இலை எனவும் விரிக்கலாம். புகைக்கு ஆகும் இலை எனவும் விரிக்கலாம். பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டிப் பதஞ்செய்யும் நம் தோட்டக்காரர், புகையிட்ட இலை என மூன்றாவதாகவும் ஒரு விரி காட்டுவர்.

முற்றம் செய்த உதவி

நம் முன்னோர் வீட்டிற் சுருட்டுக்கென ஓர் அறை இருந்ததில்லை. நாற்சார் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. சூடான புகை இயல்பாகவே மேலெழும். முற்றத்தின் வழியே அது வெளியேற, வாசற்புறத்துக் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து அதன் இடத்தை நிரப்பும். பெரியவர் திண்ணையிற் சாய்ந்து புகைப்பார். காற்றுத் தன் வேலையைச் செய்யும். ஓட்டுக் கூரையின் இடுக்குகளும் அதற்கு உதவின.

இக்காலத்து வீடு அத்தகையதன்று. மேலே கொங்கிறீற்றுத் தட்டு, யன்னலுக்குக் கண்ணாடி, நுளம்புக்கு வலை, வசதியுள்ளோர் வீட்டிற் குளிரூட்டி. குளிரூட்டிகளிற் பெரும்பாலானவை அறையிலுள்ள அதே காற்றையே சுழற்றுவன. புகை அவற்றாற் குளிருமேயன்றி வெளியேறாது.

புகையின் இரு கூறுகள்

புகையை அடக்க விரும்புவோர் அது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். அதில் இரு கூறுகள் உள. ஒன்று, கண்ணுக்குப் புகையாகத் தோன்றும் நுண்துகள்கள். இவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினுஞ் சிறியன. ஆதலால் விரைவிற் படியாது மணிக்கணக்கில் மிதக்கும். மற்றையது கண்ணுக்குத் தோன்றாத ஆவிகளும் வாயுக்களும். மணத்துக்குப் பெருங் காரணம் இவையே. புகை மறைந்த பின்னும் மணம் நிற்பதன் காரணம் இதனால் விளங்கும்.

சிகரெட்டினுஞ் சுருட்டுப் புகை காரத்தன்மை மிக்கது. பெரிய சுருட்டொன்றில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருத்தல் கூடும். சிகரெட்டில் ஒரு கிராமினும் குறைவே. பெருஞ் சுருட்டு ஒரு மணி நேரமும் எரியும். ஆகவே சிகரெட்டுக்குப் போதுமான காற்றோட்டம் சுருட்டுக்குப் போதாது.

அறையை அமைக்கும் முறை

முதல் விதி: சுருட்டறையின் காற்று வீட்டினுள் வரலாகாது, வீட்டின் காற்றுச் சுருட்டறைக்குட் செல்லலாம். இதற்கு அறையினுள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். வெளிச்சுவரின் உச்சியில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றை அமைத்து, எதிர்ப்புறத்துக் கதவின் அடியிற் சிறு இடைவெளி விட்டால் இது கைகூடும். தாழ்விற் புகுந்த காற்று உயரத்தால் வெளியேறும். இது நடைபெறுகின்றதா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கதவை மூடி, விசிறியை இயக்கி, ஊதுபத்தி ஒன்றைக் கதவடியிற் பிடித்துப் பார்க்க. புகை அறைக்குள் இழுபட்டால் நன்று. வெளியே வந்தால் அமைப்புப் பிழை.

இரண்டாவது அளவு. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 1200 கன அடி. நிமிடத்துக்கு 300 கன அடி தள்ளும் விசிறி, 4 நிமிடத்தில் அறையளவு காற்றை வெளியேற்றும். அதனால் 4 நிமிடத்திற் புகை முற்றும் அகன்றுவிடும் என எண்ணலாகாது. புகுங் காற்றுப் புகையோடு கலந்தே வெளியேறுவதால், சுருட்டை அணைத்து 4 நிமிடஞ் சென்றபின்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சி நிற்கும். 12 நிமிடஞ் சென்றால் இருபதில் ஒரு பங்களவு எஞ்சும். எனவே சுருட்டு அணைந்தபின் அரைமணி நேரமேனும் விசிறி ஓடுதல் வேண்டும்.

மூன்றாவது அறையின் பொருள்கள். திரைச்சீலையும், பஞ்சு மெத்தையும், கம்பளமும், புத்தகமும் மணத்தை உண்டு வைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக உமிழ்வன. சுருட்டறைக்கு மரக்கதிரையும் கழுவக்கூடிய சுவரும் வெறுந் தரையுமே தக்கன. ஏடும் நூலும் அங்கே இருத்தலாகாது. சாம்பல் தட்டை அன்றன்றே கழுவுதல் வேண்டும். அணைந்த துண்டே எரியுஞ் சுருட்டினும் கெட்ட மணந் தருவது.

கருவிகளும் கரியும்

காற்றை வடிக்கும் பொறிகள் இன்று கடைகளில் உண்டு. அவற்றின் நுண்வடி நுண்துகள்களைப் பெரிதும் பிடிக்கும், ஆவியைப் பிடியாது. ஆவிக்கு வேண்டுவது உயிர்ப்பூட்டிய கரி. நம் நாட்டுச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யப்படும் இக்கரி உலகச் சந்தையிலே பெயர்பெற்றது. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றராகும். அத்துளைகளிலே மணத்தின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிரம்பியபின் கரி பயனற்றது. மாற்றாவிடின் பொறி வெறும் அணிகலனே. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவோ, நுண்வடிக்கும் இக்கரிக்கும் தப்பிவிடும்.

சாம்பிராணியிடுதல் நம்மவர் மருந்து. அது நாற்றத்தை நீக்குவதன்று. புகைமேற் புகையைப் போர்த்துவது. ஓசோனை உண்டாக்கும் பொறிகளோ, மூச்சுப்பைக்கே தீங்கு செய்யத்தக்கன.

எம் வீட்டில் நிகழ்ந்தது

என் மாமனார் எண்பதைத் தாண்டியவர். நாளுக்கு நான்கு சுருட்டு அவர் கணக்கு. என் பெயர்த்திக்குத் தொய்வு. மாமனாரைத் தடுக்க எவருக்கும் மனமில்லை. குழந்தை இரவில் இழுப்பதைப் பார்த்திருக்கவும் எவராலும் இயலவில்லை. ஆகவே தலைவாசல் அறையை ஒழித்து, மேற்கூறிய முறையில் விசிறி பூட்டினோம். மாசியிலும் பங்குனியிலும் எல்லாம் நன்றாகவே நடந்தது. சோளகம் தொடங்கியதும் நிலை மாறியது. விசிறி இருந்த தென்மேற்குச் சுவரைச் சோளகக் காற்று நேரே மோதியது. வெளியேறிய புகை திரும்பி அறைக்கே வந்தது. மேசன் ஒருவரைக் கொண்டு துவாரத்துக்கு வெளியே தகட்டாற் கூடு போட்டோம். புகை பெரிதும் குறைந்தது. மணமோ முற்றாக நீங்கவில்லை. மாமனாரின் சால்வையிலும் சட்டையிலும் ஏறி, கதவைத் திறந்துகொண்டு அது வீட்டுக்குள் நடந்து வந்தது. பெயர்த்தி அவர் மடியில் ஏறாத நாளில்லை.

ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்தார். "தம்பி, புகைக்கு வாசல் காட்டிப் போட்டீர். என்ரை உடுப்பிலை கிடக்கிறதுக்கு ஆர் வாசல் காட்டுறது?" என்றார். "அது நாளாவட்டத்திலை குறையும், மாமா," என்றேன். அவர் தலையசைத்தார். மறுநாட் காலையிலே சாய்மனைக் கதிரையைத் தாமே ஆள்வைத்துத் தூக்குவித்து, வளவின் கோடியில் வேம்பின்கீழ் உள்ள கொட்டிலுக்குக் கொண்டுபோனார். புகைக்கும்போது உடுக்கவென ஒரு வேட்டியும் சால்வையும் அங்கேயே கொடியில் தொங்குகின்றன. கைகால் முகங் கழுவி, உடுப்பு மாற்றியபின்பே உள்ளே வருகிறார். நான்கு சுருட்டு இப்போது இரண்டாகியுள்ளது. கொட்டில் வரை நடப்பது கால்நோவுக்கு ஆகாது என்பது அவர் கூறுங் காரணம்.

எல்லை எங்கே?

அவர் அனுபவத்தாற் கண்டதையே அறிஞர் ஆராய்ச்சியாற் கண்டனர். 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகையிலைப் புகைக்குத் தீங்கற்ற அளவென ஒன்று இல்லை என்றும், அறைகளைப் பிரித்தலும் காற்றை வடித்தலும் காற்றோட்டமும் அத்தீங்கை முற்றும் நீக்கா என்றும் முடிவு கூறியது. காற்றோட்டப் பொறியியலாளரும் அதற்கு உடன்பட்டனர். சுவரிலும் துணியிலும் படிந்த நிக்கொட்டீன், காற்றிலுள்ள நைதரசு அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் விளைக்கும் பொருள்களாக மாறுதலை 2010 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வாளர் காட்டினர். நம் நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் பொதுமக்கள் கூடும் அடைத்த இடங்களிற் புகைத்தலைத் தடுக்கின்றது. வீட்டின் உள்ளறைக்குச் சட்டம் வருவதில்லை. அங்கே அன்பே சட்டம்.

ஆதலால் சுருட்டறை அமைப்போர்க்கு யான் கூறுவது இது. விசிறியும் கரியும் துன்பத்தைக் குறைக்கும். குழந்தையும், கருவுற்ற பெண்ணும், நெஞ்சு நோயாளரும் உள்ள வீட்டில் அக்குறைப்புப் போதாது. அங்கே சுருட்டுக்கு உரிய இடம் வளவே. அதனை மற்றையோர் வற்புறுத்திப் பெறுவதினும் புகைப்பவரே உணர்ந்து செய்வது சிறப்பு. இல்லறம் என்பது ஒரே கூரையின்கீழ் ஒருவர் விட்ட மூச்சை மற்றொருவர் வாங்கி வாழ்வது. அம்மூச்சைத் தூயதாக விடுதல் ஒவ்வொருவர்க்கும் கடன்.