இங்கிலாந்து கேப்டனை கேட்ச் பிடித்தவர், ஆலையில் காவலாளி ஆனார்! - இந்தியாவின் முதல் டெஸ்ட் விக்கெட் கீப்பரின் கதை

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்துவிட்டால், தஞ்சாவூர்ப் பக்கம் காய்ந்த வயலெல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். பேட்டிங்குக்குச் சண்டை நடக்கும். ஸ்டம்ப்புக்குப் பின்னால் குனிந்து நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. அறுத்த தாள் காலைக் குத்தும். பந்தை விட்டால் வாய்க்கால் வரை ஓட வேண்டும். தோனி வந்த பிறகுதான் அந்த இடத்துக்கு மவுசு கூடியது.

ஆனால், டெஸ்ட் போட்டியில் இந்தியாவுக்கு முதன்முதலில் விக்கெட் கீப்பிங் செய்தவர் யார் என்று கேட்டால், பலருக்கும் தெரியாது. அவர் பெயர் ஜனார்தன் நவ்லே.

1902-ல் மகாராஷ்டிராவில் பிறந்தவர். மதவாரியாக அணிகள் மோதிய பம்பாய் போட்டிகளில், மீசை அரும்பும் வயதிலேயே இந்துக்கள் அணிக்கு ஆடினார்.

1932 ஜூன் 25. லார்ட்ஸ் மைதானம். சி.கே.நாயுடு தலைமையில் இந்தியாவின் முதல் டெஸ்ட். இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின் 79 ரன் எடுத்திருந்தபோது, நாயுடுவின் பந்தில் நவ்லேயிடம் கேட்ச் கொடுத்து வெளியேறினார். சில மாதங்களில் 'பாடிலைன்' பந்துவீச்சால் ஆஸ்திரேலியாவைக் கதிகலங்க வைத்தவர் இதே ஜார்டின்தான்.

அடுத்து இந்தியா பேட்டிங். இங்கிலாந்து இன்னிங்ஸ் முழுக்க குனிந்து எழுந்த நவ்லே, உடனே பேட் கட்டிக்கொண்டு நவுமல் ஜவுமலுடன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். டெஸ்ட்டில் இந்தியா சந்தித்த முதல் பந்தை எதிர்கொண்டவரும் அவர்தான். எடுத்த ரன்கள் 12, 13. இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

1933 டிசம்பரில், இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட்டிலும் பம்பாயில் ஆடினார். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் திலாவர் ஹுசைன் கீப்பிங் செய்தார். நவ்லேயின் டெஸ்ட் கணக்கு அத்துடன் முடிந்தது. 2 போட்டிகள், 42 ரன்கள், ஒரே ஒரு கேட்ச். ஆம், ஜார்டினைப் பிடித்த அந்த கேட்ச்தான்!

அன்று கிரிக்கெட் வீரருக்கு ஒப்பந்தமும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. பிற்காலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் காவலாளியாக வேலை பார்த்தார் நவ்லே. கடைசி நாள்கள் புனேயில், இரண்டு அறை வீட்டில் கழிந்தன. 1979 செப்டம்பரில் காலமானார். முன்னாள் வீரர்களுக்கு கிரிக்கெட் வாரியம் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது 2004-ல். நவ்லே இறந்து 25 ஆண்டுகள் கழித்து!

குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டெல்டாக்காரர்களுக்கு ஆலை கேட் புதிதல்ல. அங்கே நிற்கும் காவலாளியின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? லார்ட்ஸில் ஜார்டினைப் பிடித்த கைகள், அப்படி ஓர் ஆலையில்தான் காவல் காத்தன.