சிப்பி அழகு, ஃபோட்டோ மட்டும் ஏன் மொக்கை?

கடற்கரையில பொறுக்கின சிப்பி, மொபைல் ஃபோட்டோவுல மட்டும் டல்லா இருக்கா? தப்பு கேமராவுல இல்ல, வெளிச்சத்துல. ஃப்ளாஷ் நேராக அடிப்பதால் மேடு பள்ளங்களின் நிழல் மறைந்து, சிப்பி தட்டையாகத் தெரிகிறது.

ஃப்ளாஷை அணைச்சுட்டு, ஜன்னல் ஓரமா கறுப்புத் துணி மேல வைங்க. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு வரியும் எடுப்பாகத் தெரியும். நிழல் ரொம்ப இருட்டா இருந்தா, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை பேப்பரை நிறுத்துங்க. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வெச்சா அளவும் புரியும்.

ஆனா, கரையில் சங்கை எடுக்கும் முன் உள்ளே பாருங்க. துறவி நண்டு குடியிருக்கலாம். அதன் வயிறு மெத்தென்றது. அதைக் காப்பது அந்தச் சங்குதான். அதை மட்டும் அங்கேயே, சாய்வான மாலை வெயில்ல படம் எடுத்துட்டு விட்டுடுங்க. அதுவும் பக்கவாட்டு வெளிச்சம்தானே!