கறுப்புச் சேலையும் கார்செட் ரவிக்கையும்: எந்த வேளைக்கு எது?

மதுரையைச் சுற்றியுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இருப்புச் சரக்கைத் தணிக்கை செய்வது என் அலுவல்களுள் ஒன்று. சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் விற்பனை நிலையத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி மாணவி ஒருவர் தம் தாயாருடன் வந்தார். கல்லூரி ஆண்டு விழாவில் உடுத்துவதற்குக் கறுப்புச் சுங்குடிச் சேலை ஒன்றும், அதனுடன் அணிய 'கார்செட்' ரவிக்கை தைப்பதற்கு ஏற்ற துணியும் வேண்டும் என்று கேட்டார். விற்பனையாளரோ, "கறுப்பை யாரம்மா வாங்குகிறார்கள்? மங்கலமாக மஞ்சளோ அரக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கார்செட் என்ற சொல்லுக்கு அவர் விடையே கூறவில்லை. தாயும் மகளும் வெறுங்கையுடன் திரும்பினர்.

அவர்கள் சென்ற பின்னர் இருப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டு நிறையக் கறுப்புச் சுங்குடிச் சேலைகள் மூன்று ஆண்டுகளாக விலைபோகாமல் கிடந்தன. நெய்தவருக்கும், புள்ளிக்கு முடிச்சுப் போட்ட பெண்களுக்கும் சங்கம் கூலி கொடுத்தாயிற்று. அப்பணம் அந்தத் தட்டிலே முடங்கிக் கிடந்தது. அடுத்த பாவுக்கு நூல் வாங்கவேண்டிய பணமும் அதுவே.

கேட்டு வந்தவரும் இருந்தார், சரக்கும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டும் இல்லாதிருந்தது. அவ்வறிவை நம் அங்கத்தினர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்செட் உடை என்பது யாது?

கார்செட் என்பது மார்பு முதல் இடைக்குச் சற்றுக் கீழ்வரை உடலைப் பற்றி நிற்கும் இறுக்கமான மேலாடை. ஐரோப்பியப் பெண்கள் பல நூற்றாண்டுகள் இதனை அணிந்து வந்தனர். துணி மடங்காமல் நிமிர்ந்து நிற்பதற்காக, திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகடுகளைச் செதுக்கி உள்ளே செருகினர். பின்னர் அவற்றின் இடத்தை எஃகுப் பட்டைகள் பெற்றன. முதுகுப் பக்கத்தில் இரு வரிசைத் துளைகள் அமைத்து, அவற்றில் கயிற்றைக் கோத்து இறுக்குவர்.

இவ்வுடையோடு கறுப்பு நிறம் சேர்ந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. மேனாட்டில் கறுப்பு துக்கத்தின் நிறம். விக்டோரியா மகாராணி தம் கணவர் 1861-ஆம் ஆண்டில் இறந்ததுமுதல் 1901-இல் தாம் மறையும்வரை கறுப்பே உடுத்தினார். இடைக்காலத் தேவாலயக் கட்டடப் பாணிக்குரிய 'கோதிக்' என்ற பெயர், 18-ஆம் நூற்றாண்டில், இருண்ட மாளிகைகளில் நிகழும் திகில் கதைகளுக்கும் வழங்கலாயிற்று. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஒருவகை இசையும், 1982-இல் லண்டனில் திறக்கப்பட்ட 'பேட்கேவ்' என்னும் இசை விடுதியும் இளைஞரிடையே கறுப்பு உடை, சரிகைப் பின்னல், கார்செட் ஆகியவற்றைப் பரப்பின. அதுவே இன்று கோதிக் உடை எனப்படுகிறது. இப்பொழுது நம் நகரங்களிலும் தையற்காரர்கள் சேலைக்குப் பொருத்தமாகக் கார்செட் ரவிக்கை தைத்துத் தருகின்றனர்.

மார்பைக் கட்டும் உடை நமக்குப் புதியதன்று. 'கச்சு' என்ற சொல்லைப் பழந்தமிழ் நூல்களில் காண்கிறோம். ஆகவே, வந்தவர் கார்செட் என்று கேட்டால் திகைக்க வேண்டுவதில்லை. தையலோடும் பட்டையோடும் கூடிய கச்சு என்று கொள்ளலாம்.

கறுப்பு அமங்கலமா?

மணவறையிலும் தாலி தொடர்பான சடங்குகளிலும் நம்மவர் கறுப்பை விலக்குவது உண்மை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வர். அன்று கறுப்புச் சேலை உடுத்தச் சொல்லி எவரையும் வற்புறுத்தலாகாது. நிறத்திற்குப் பொருள் காண்பது இவ்வூர் மக்களின் இயல்பு. கள்ளழகர் வைகையில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று குடியானவர்கள் ஆவலோடு நோக்குகின்றனர். பச்சையாயின் விளைச்சல் செழிக்கும் என்று மகிழ்கின்றனர்.

எனினும், அதே மக்கள் கறுப்பை விரும்பி ஏற்கும் வேளைகளும் உள. சில குடும்பங்களில் கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பின்போது உடுத்துவது கறுப்புச் சேலையே. அதனை 'மசக்கைக் கறுப்பு' என்பர். கண்ணேறு படாமல் காக்கும் என்பது நம்பிக்கை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்பனுக்கு மாலையணிந்தவர்கள் கறுப்பு வேட்டி உடுத்துகின்றனர். மராட்டியப் பெண்கள் மகர சங்கராந்தியன்று கறுப்புச் சேலை உடுத்துகின்றனர். ஆகவே கறுப்பு எங்கும் எப்பொழுதும் விலக்கப்பட்ட நிறமன்று. அதற்குரிய வேளை இன்னது என்று அறிந்து விற்றலே முறை.

வேளைக்கேற்ற தேர்வு

கல்லூரி விழா, மாலை நேர இசை நிகழ்ச்சி, பிறந்தநாள் விருந்து: இவை கோதிக் பாணிக்கு முற்றும் பொருந்தும். கறுப்பு நிலத்தில் வெண்புள்ளி வைத்த சுங்குடிச் சேலையும், புள்ளியில்லாத கறுப்புக் கார்செட் ரவிக்கையும் ஒன்றுக்கொன்று அழகு சேர்க்கும். இரண்டிலும் புள்ளி இருந்தால் பார்வை நிலைகொள்ளாது. முந்தானையைக் குறுகலாக மடித்துத் தோளில் ஊசி குத்திவிட்டால் கார்செட்டின் தையல் வேலை மறையாமல் விளங்கும். நகை வெள்ளியில், ஒன்றிரண்டு போதும். கூந்தலில் மல்லிகைச் சரம் வைத்தால் அதன் வெண்மை கறுப்பின்மீது எடுப்பாகத் தோன்றும். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்புச் சேலை ஒன்று விற்றால் பூ விளைக்கும் நம் அங்கத்தினருக்கும் ஒரு முழம் பூ விற்கும் என்று கொள்க.

திருமணம்: முகூர்த்தத்திற்கு அரக்கு, பச்சை, கடுகு மஞ்சள் ஆகிய நிறங்களே ஏற்றவை. இளம்பெண்கள் கார்செட் ரவிக்கையை விரும்பினால் அதனையும் அந்நிறங்களிலேயே தைத்துக்கொள்ளலாம். மாலை வரவேற்பிற்குக் கறுப்பு உடுத்த விரும்புவோர், மணவீட்டுப் பெரியோரின் கருத்தை முன்னதாக அறிந்துகொள்வது நன்று.

கோயில்: கார்செட் பெரும்பாலும் தோளை மறைப்பதில்லை. கோயிலுக்குச் செல்லும்போது கைவைத்த சாதாரண ரவிக்கையே தகும். உடை மாற்ற நேரமில்லாதவர் முந்தானையை இரு தோளும் மூடப் போர்த்திக்கொள்ளவேண்டும்.

அலுவலகம், பள்ளி: நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்வோருக்குக் கார்செட் ஏற்றதன்று. கறுப்புச் சுங்குடியுடன் முழங்கைவரை கைவைத்த தளர்ந்த பருத்தி ரவிக்கை அணிந்தால் தோற்றம் கண்ணியமாகவும், உடல் இலேசாகவும் இருக்கும்.

வளைகாப்பு: சேலை கறுப்பாயிருக்கலாம்; ரவிக்கை தளர்வாகவே இருக்கவேண்டும். கருவுற்றோர் இறுக்கும் உடை எதனையும் அணியலாகாது. இதனை விற்பனையாளர் தாமே எடுத்துச் சொல்லவேண்டும்.

காலமும் கருதத்தக்கது. கறுப்புத் துணி வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும். சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் மதுரை வெயிலுக்கு அது ஆகாது. மாலைப் பொழுதுக்கு வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை முதல் மாசிவரை எந்நேரமும் உடுத்தலாம்.

துணியும் அளவும் தையலும்

இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. சுங்குடிச் சேலை மெல்லிய நூலால் நெய்யப்படுவது. அதனையே வெட்டிக் கார்செட் தைத்தால், கயிற்றை இறுக்கும்போது தையலோரத்தில் இழை விலகிக் கிழியும். கார்செட்டின் வலிமை உட்துணியில் இருக்கிறது. நெருக்கமாக நெய்த கனத்த பருத்தித் துணியை உள்ளே வைத்து, பட்டைகளை அதில் பொருத்தி, அழகுக்காக வேண்டுமானால் மேலே சுங்குடித் துண்டை வைத்துத் தைக்கவேண்டும். உடலை ஒட்டிய பக்கத்தில் வியர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்தித் துணி இருத்தல் நலம்.

அளவெடுக்கும்போது மார்பு, இடை, மார்பிலிருந்து இடைக்குக் கீழ்வரை நீளம் ஆகிய மூன்றையும் குறிக்கவேண்டும். சற்றுப் பருத்த உடலினர்க்கு நீளம் குறைந்தால் மேலும் கீழும் சதை பிதுங்கித் தோன்றும். கயிற்றைக் கட்டிய பின்னர் முதுகில் இரு விளிம்புகளுக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி இருப்பது நல்லது. உடல் சிறிது மெலிந்தாலும் பருத்தாலும் அந்த இடைவெளி ஈடுகொடுக்கும். அணிந்தபின் நாற்காலியில் அமர்ந்து, ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்கவேண்டும். மூச்சு முட்டினாலும், விலாவில் வலித்தாலும் அது அளவான உடையன்று. உள்பாவாடைக் கயிற்றைக் கார்செட்டின் விளிம்புக்குக் கீழே கட்டவேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் அழுத்தினால் தோல் புண்படும்.

சுங்குடியையும் சாயத்தையும் சோதித்தல்

மதுரைச் சுங்குடி, சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் கைத்தொழில். துணியில் குறித்த இடங்களை நகத்தால் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டவிழ்த்ததும் கட்டிய இடம் வெண்புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போடுவதுண்டு. 2005-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கையால் கட்டிய சேலையில் ஒரு புள்ளியைப்போல் மற்றொரு புள்ளி இராது. புள்ளியைச் சுற்றித் துணி சற்றுச் சுருங்கியிருக்கும். அச்சடித்த சேலையில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக, துணி மழமழப்பாக இருக்கும். அச்சுச் சேலை விற்பதில் குற்றமில்லை; அதனைக் கட்டுச் சேலை என்று கூறி விற்பதே குற்றம். விலை வேறுபாட்டின் காரணத்தை வாங்குவோருக்குக் காட்டிப் புரியவைத்தால், முடிச்சுக்கூலி வீண்போகாது.

கறுப்புச் சாயத்தில் தனிக் கவனம் வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் சேலையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க. துணியில் கறுப்பு மிகுதியாக ஒட்டினால் சாயம் சரியாக ஏறவில்லை என்று அறிக. மலிவான கந்தகக் கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தி, வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் நாட்பட வைத்தால் வலுவிழந்து கிழிய நேரும். துணியில் தங்கிய கந்தகம் மெல்ல அமிலமாக மாறுவதே அதற்குக் காரணம். சாயமேற்றிய பின்னர் நன்றாக அலசி, அமிலத்தை முறிக்கும் சோடியம் அசிடேட் போன்ற உப்புக் கரைசலில் இறுதியாகத் தோய்த்தெடுத்தால் இக்கேட்டைத் தவிர்க்கலாம். 'ரியாக்டிவ்' வகைக் கறுப்புச் சாயத்தில் இக்குறை இல்லை. மூன்று ஆண்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த சரக்கைக் கண்டு நான் கவலையுற்றதன் காரணம் இப்பொழுது வாசகர்களுக்கு விளங்கும்.

வாங்குவோருக்குக் கூறவேண்டியவை: முதல் சில முறை தனியாக அலசி நிழலில் உலர்த்துக; கஞ்சியை நீர்க்கப் போடுக, கெட்டியாகப் போட்டால் கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

சங்கங்கள் செய்யத்தக்கன

முதலாவது, கறுப்புச் சேலைகளைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். இரண்டாவது, அவற்றோடு சேர்த்து விற்பதற்காக நெருக்கமான நெசவில் கனத்த கறுப்புத் துணி சிறிதளவு நெய்யச் செய்யலாம். வேலை குறைந்த தறிகளுக்கு இது வேலை தரும். ஆனால், கேட்பாரின் அளவறிந்தே நெய்யவேண்டும். ஒரு முடக்கத்தைத் தீர்க்கப்போய் மற்றொன்றை உண்டாக்கிக்கொள்ளலாகாது. மூன்றாவது, அருகிலுள்ள பெண் தையற்காரர் ஒருவரை அழைத்து ஒரு கார்செட் ரவிக்கையைத் தைத்து மாதிரியாகத் தொங்கவிடலாம். நான்காவது, எந்த வேளைக்கு எது என்று மேலே கூறியவற்றை விற்பனையாளர்க்குப் பயிற்றுவிக்கவேண்டும்.

நான் கூறிய அச்சங்கத்தில், நிர்வாகக் குழுவின் இசைவோடு அவ்வாரமே சேலைகள் அனைத்தும் பிரித்துச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் மடிப்போரத்தில் இற்றுப்போனவை சில; அவை நட்டக் கணக்கில் சேர்ந்தன. எஞ்சியவை முகப்புக் கண்ணாடிக்குள் தொங்கின. அந்த மாணவி திரும்ப வரவில்லை; வேறு எங்கோ வாங்கியிருப்பார். வேறு சிலர் வந்தனர்; வாங்கினர்.

நம் பருத்தி வெண்மையாக விளைவது கரிசல் மண்ணில். அம்மண்ணின் கறுப்பைக் குடியானவர் எவரும் வெறுப்பதில்லை. எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்று அறிந்து அதனைப் பயன்கொள்கின்றனர். கறுப்புச் சேலையையும் அவ்வாறே வேளையறிந்து விற்போமாக.