தோற்றவருக்கும் சரக்கு கிடைக்கும் ஏலம்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரை சேர்ந்ததும் ஏலம் தொடங்கும். கூடுதல் விலை கேட்டவருக்குக் கூடை. மற்றவர்கள் வெறுங்கையோடு அடுத்த கூடைக்கு நகர்வார்கள். அங்கே நிற்பவரின் சட்டைப்பையிலும் ஓர் ஏலம் ஓடுகிறது. அவர் ஒரு செய்திச் செயலியைத் திறக்கிறார். பக்கம் விரிவதற்குள், சுமார் 100 மில்லி விநாடியில், அது முடிந்துவிடுகிறது. ஏலம் போவது அவருடைய கவனம்.

செயலியில் விளம்பரத்துக்கென்று விட்டிருக்கும் காலியிடம் ஏலச் சந்தைக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. போனின் மாடல், மொழி, இருக்குமிடம், அந்தப் போனுக்கே உரிய விளம்பர ஐடி எல்லாம் அதில் இருக்கலாம். விளம்பரதாரர்களின் மென்பொருள்கள் அவற்றைப் படித்து விலை சொல்கின்றன. மாங்கனித் திருவிழாவுக்குத் தள்ளுபடி அறிவிக்கும் பாரதியார் சாலைக் கடைக்காரர், வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் போதும். வட்டத்துக்கு யூனியன் பிரதேச எல்லையெல்லாம் தெரியாது. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நாகூரும் தரங்கம்பாடியும் உள்ளே வந்துவிடும்.

மீன் ஏலத்தில் இல்லாத விபரீதம் ஒன்று இதில் உண்டு. தோற்றவரும் தகவலைப் பார்த்துவிடுகிறார். நினைத்தால் சேமித்தும் வைக்கலாம். மொபைல்வாலா என்ற தரவு நிறுவனம், தான் ஜெயிக்காத ஏலங்களிலிருந்தும் தகவல்களை எடுத்து வைத்துக்கொண்டதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 டிசம்பரில் குற்றம்சாட்டியது.

கம்பெனிகள் ஏன் இந்தத் தகவல் வேட்டையை நிறுத்துவதில்லை? கணக்கைப் பார்த்தால் புரியும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2023 வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரக் காசு. அதன் கையிலுள்ள வாட்ஸ்அப் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா வைத்திருந்தது. 2016 ஜனவரியில் சந்தாவைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பயனர் தகவல்களை ஃபேஸ்புக்கோடு பகிரப்போவதாக அறிவித்தது. தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. வாட்ஸ்அப் 2021இல் கொண்டுவந்த புதிய தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மெட்டாவுக்கு அது இரண்டு மணி நேர வருமானம்கூட இல்லை!

நம் கைபேசி எண் யார் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி, காரைக்காலும் அடங்கிய புதுச்சேரிக்குப் புதிதல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர்களுக்கு ஒரு கட்சியிடமிருந்து வந்த பிரசாரக் குறுஞ்செய்திகள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எண்கள் ஆதாரிலிருந்து கசிந்தன என்றார் மனுதாரர், கட்சி மறுத்தது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அது முழுதாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தைத் தேடுங்கள். விளம்பர ஐடியை நீக்கும் வசதி அங்கேயே இருக்கிறது, காசு செலவில்லை.