தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் தாமே உருவாக்கும் நாடகம்

அரங்கக் கலைஞர்கள் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வந்து, சில நாட்களோ சில வாரங்களோ குழந்தைகளோடு விளையாடி, பேசி, அவர்கள் சொல்லும் கதையையே நாடகமாக்கி, அவர்களையே நடிக்கவைக்கும் முறை உலகின் பல பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. எழுதி முடித்த நாடகத்தைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்வித்து மேடையேற்றுவதிலிருந்து இது வேறுபட்டது. இங்கே தொடக்கத்தில் பனுவல் எதுவும் கிடையாது. யார் நடிப்பார், என்ன பாத்திரம், கதை எங்கே முடியும் என்பதெல்லாம் கலைஞருக்கும் முன்கூட்டித் தெரியாது. குழந்தைகளின் விளையாட்டிலிருந்தும் பேச்சிலிருந்தும் காட்சிகள் பிறக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்துவதே கலைஞரின் வேலை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியத் தமிழ் நாடக வரலாற்றைப் பார்த்தாலே போதும். சிறுவர்கள் மேடை ஏறுவது நமக்குப் புதிதல்ல. மதுரையில் 1918ல் தொடங்கப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே முழு நாடகங்களை நடத்தினார். அதில் சேர்ந்தபோது பின்னாளில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி. க. சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சிறுவர்களின் திறமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. பல மணி நேர நாடகத்தின் பாட்டையும் வசனத்தையும் அவர்கள் சுமந்தார்கள். ஆனால் அந்த நாடகங்கள் பெரியவர்கள் எழுதி, பெரியவர்கள் பார்க்க, சிறுவர்கள் நடித்தவை. இன்றைய பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் பெரும்பாலானவையும், பாட்டின் தரம் நீங்கலாக, அதே வழியில்தான் நடக்கின்றன.

விளையாட்டிலிருந்து அரங்குக்கு

குழந்தைகளின் சொந்தப் படைப்பாக நாடகத்தைப் பார்க்கும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் எவன்ஸ்டன் நகரத் தொடக்கப் பள்ளிகளில் நாடகப் பணியை மேற்பார்த்த வினிஃப்ரெட் வார்ட், 1930ல் வெளியிட்ட நூலில் படைப்பு நாடகம் என்ற கருத்தை விளக்கினார். குழந்தைகள் ஒரு கதையைக் கேட்டு, தங்கள் சொந்தச் சொற்களில் வசனம் அமைத்து நடிப்பதே அவரது முறை. இங்கிலாந்தில் பீட்டர் ஸ்லேட் 1954ல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குழந்தைகளின் பாவனை விளையாட்டே ஒரு தனிக் கலைவடிவம் என்றார் அவர். சிறு குழந்தைகளை உயர்ந்த மேடையில் ஏற்றிப் பார்வையாளர்களை நோக்கி நிறுத்துவதை அவர் எதிர்த்தார். தரையில், எல்லாப் பக்கமும் திறந்த இடத்தில் நடப்பதே குழந்தைகளுக்கு இயல்பானது என்பது அவர் வாதம். தெருவில் 'அம்மா அப்பா' விளையாடும் பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அவர்கள் எந்தத் திசையை நோக்கியும் நடிப்பதில்லை.

இத்துறையில் இன்று பயன்படும் கருவிகளில் பெரும்பகுதியைத் தந்தவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் (1906-1994). அவர் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது பொருத்தம். ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889ல் நிறுவிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லம், சிகாகோவில் குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கிடையே பணியாற்றி வந்தது. அங்கே விளையாட்டு வழியாகக் குழுப்பணி கற்பித்த நேவா பாய்டிடம் ஸ்போலின் 1920களில் பயின்றார். பின்னர் 1939 முதல் 1941 வரை, பொருளாதார மந்தக் காலத்து அரசு வேலைத்திட்டத்தின் சிகாகோ பிரிவில் நாடக மேற்பார்வையாளராக இருந்தார். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் அவர்முன் நின்றார்கள். வீட்டு மொழியும் பழக்கமும் ஒருவருக்கொருவர் வேறு. விரிவுரை செய்து நடிப்பைச் சொல்லித்தர வழியே இல்லை. எனவே நடிப்பின் ஒவ்வொரு சிக்கலையும் ஒரு விளையாட்டாக மாற்றினார். விதி புரிந்தால் போதும், நடிப்பு தானே வந்துவிடும். 1963ல் வெளிவந்த அவரது நூலில் இத்தகைய விளையாட்டுகள் இருநூறுக்கும் மேல் உள்ளன.

அவற்றுள் முதலாவதைப் பார்ப்போம். குழுவை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி முன்னால் வரிசையாக நிற்கிறது. மறு பாதி உட்கார்ந்து பார்க்கிறது. நிற்பவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. சில நொடிகளிலேயே கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். ஒருவன் சிரிக்கிறான், ஒருத்தி சட்டை நுனியைத் திருகுகிறாள், ஒருவன் பக்கத்தில் இருப்பவனை இடிக்கிறான். அப்போது நடத்துபவர், "இந்த அறையில் எத்தனை ஓடு இருக்கிறது, எண்ணுங்கள்" என்கிறார். எண்ணத் தொடங்கியதும் உடல் இளகி, கூச்சம் மறைகிறது. பிறகு இரு பாதிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. மேடைக்கூச்சம் குழந்தையின் குறையல்ல, செய்ய வேலையில்லாமல் பிறர் பார்வையில் நிறுத்தப்பட்டதன் விளைவு என்பதை இந்த ஐந்து நிமிட விளையாட்டு காட்டிவிடுகிறது. 'பயப்படாதே, சத்தமாகப் பேசு' என்று நூறு முறை சொல்லியும் நடக்காதது இங்கே நடக்கிறது.

பாராட்டையும் கண்டிப்பையும் ஸ்போலின் ஒரே தட்டில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆசிரியர் முகத்தைப் பார்த்து நடிக்கும் குழந்தை, கண்முன் இருக்கும் சக நடிகரைப் பார்ப்பதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே ஆட்டத்தின் நடுவே ஓரத்தில் நின்றபடி "கயிற்றைப் பார்!", "அவன் சொன்னதைக் கேள்!" என்று சிறு குறிப்புகள் தருவதோடு நடத்துபவர் நிறுத்திக்கொள்கிறார்; ஆட்டம் நிற்பதில்லை.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரின் பெல்கிரேட் அரங்கு 1965ல் நடிகர்களையே பள்ளிகளுக்கு அனுப்பும் குழுவை அமைத்தது. நடிகரும் ஆசிரியரும் ஒருவரே என்ற நிலை அங்கிருந்து பரவியது. நியூகாசிலில் பணியாற்றிய டோரதி ஹீத்கோட், ஆசிரியர் தாமே ஒரு பாத்திரமாக மாறிக் குழந்தைகளின் கற்பனைக்குள் நுழையும் முறையை வளர்த்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குச் சென்றவர் அவர். இந்தியாவில் தேசிய நாடகப் பள்ளி 1989ல் தனது நாடகவழிக் கல்விக் குழுவைத் தொடங்கியது. டெல்லியில் அது நடத்தும் கோடைக்காலப் பட்டறைகளில் குழந்தைகள் நாடகங்களை உருவாக்கி நடிக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம்

கலைஞர்கள் வந்ததும் முதலில் செய்வது மேசை, பெஞ்சுகளை ஓரம் தள்ளுவது. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள், கலைஞரும் அதே வட்டத்தில் ஒருவராக. வட்டத்துக்கு முன் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. பெயர் சொல்லும் விளையாட்டு, தாளம் தட்டுவது, ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் செய்வது, இல்லாத கயிற்றை இரு அணிகள் இழுப்பது என முதல் நாட்கள் கழியும். பார்ப்பவர்களுக்கு இது வெறும் ஆட்டமாகத் தோன்றும். 'நாடகம் எப்போது சொல்லித்தருவீர்கள்' என்று ஆசிரியர்கள் கேட்பதும் உண்டு. ஆனால் கயிறு இல்லாத கயிறிழுப்பில், எதிரணி இழுக்கும்போது தானும் முன்னால் சரிய வேண்டும் என்று புரிந்துகொண்ட குழந்தை, மேடையில் மற்றவர் பேசும்போது என்ன செய்வது என்பதையும் கற்றுவிட்டது.

அடுத்தது கதை திரட்டல். 'என்ன நாடகம் போடலாம்?' என்று நேராகக் கேட்டால் தொலைக்காட்சியில் பார்த்த சண்டைக் காட்சியோ பாடப்புத்தகத்து நீதிக்கதையோதான் வரும். அதனால் கேள்வியைச் சிறியதாக்க வேண்டும். 'உங்கள் வீட்டில் எது காணாமல் போயிருக்கிறது?' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு செருப்பு, ஓர் ஆட்டுக்குட்டி, விழுந்த பல், அம்மாவின் தோடு, வேலைக்குப் போய்த் திரும்பாத மாமா என்று பதில்கள் வரும். நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் ஆளுக்கொரு பதிலை எடுத்துக்கொண்டு, அதை மூன்று சிலைகளாக நின்று காட்டுவார்கள்: தொலைவதற்கு முன், தொலைந்த நொடி, அதற்குப் பிறகு. சிலை ஒன்றைத் தொட்டால் அது ஒரு வாக்கியம் பேச வேண்டும். வசனம் இப்படித்தான் பிறக்கிறது. 'ஆட்டுக்குட்டி ஏன் போனது?' என்ற கேள்விக்காக ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியாகவே நாற்காலியில் அமர்ந்து, வகுப்பு முழுவதும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். அந்தப் பதில்களில் கதையின் அடுத்த காட்சி இருக்கும்.

யாராவது ஒருவர் பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருப்பது நல்லது. எழுதுவது குழந்தையின் சொற்களை அப்படியே. 'ஆடு ஓடிப்போச்சு' என்று குழந்தை சொன்னதை 'ஆடு ஓடிவிட்டது' என்று திருத்தி எழுதினால், அடுத்த ஒத்திகையில் அதே குழந்தை தன் வரியை மறந்து நிற்பதைக் காணலாம். தன் வாயில் பிறந்த சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கடைசிக் கட்டத்தில்தான் ஒத்திகை, பொருட்கள், இசை. பாய் கடலாகும், துண்டு தலைப்பாகையாகும், குடம் தாளக் கருவியாகும். தொடக்கப் பள்ளி வயதில் பதினைந்து, இருபது நிமிட நாடகம் போதுமானது. அதற்கு மேல் நீட்டினால் நடிப்பவர்களே கலைந்துவிடுவார்கள்.

யாருடைய நாடகம்?

இம்முறையின் உண்மையான சிக்கல் கடைசி சில நாட்களில்தான் வருகிறது. பெற்றோர் வரப்போகிறார்கள், தலைமை ஆசிரியர் வரப்போகிறார். காட்சிகள் இன்னும் தளர்வாக இருக்கின்றன. நடுவில் ஒரு பாட்டு வைத்தால் நன்றாக இருக்கும், முடிவில் ஒரு நீதி சொன்னால் எல்லோருக்கும் திருப்தி, தடுமாறும் பையனுக்குப் பதில் நன்றாகப் பேசும் பெண்ணை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்களின் கை பரபரக்கும். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நியாயமாகவே தோன்றும். எல்லாம் சேர்ந்தால் நாடகம் கைமாறிவிடும். கலைஞர் தன் பங்கைக் கதையில் செலுத்தாமல் வடிவில் செலுத்துவதே ஓரளவு பாதுகாப்பான வழி. எங்கே நின்றால் தெரியும், எங்கே நிறுத்தினால் பார்ப்பவர் மூச்சடக்குவார், எந்த இரண்டு காட்சிகளைச் சேர்க்கலாம் என்பவை அவர் அறிந்த கலை. அதை அவர் மறைத்து வைக்கவும் வேண்டியதில்லை. குழந்தைகளே எல்லாம் செய்தார்கள் என்று பெருமை பேசி, கலைஞர் ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஏமாற்றுத்தான்.

பாத்திரப் பங்கீட்டில் ஊரின் மேடுபள்ளம் வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. ராஜா யார், பெருக்குபவர் யார், டாக்டர் யார், நோயாளி யார் என்று குழந்தைகளிடம் விட்டால், பல நேரம் அவர்கள் தெருவில் கண்டதையே திரும்பச் செய்வார்கள். ஒரே பாத்திரத்தைக் காட்சிக்குக் காட்சி வெவ்வேறு குழந்தைகள் ஏற்பது இதற்கு ஓர் எளிய வழி. தலைப்பாகை கைமாறினால் ராஜாவும் மாறுவார். பேசவே பேசாத குழந்தைக்கு மரமாக நிற்கும் வேலையைக் கொடுத்து ஒதுக்குவது பழைய வழக்கம். மாறாக, காட்சி தொடங்கவும் முடியவும் மணி அடிக்கும் பொறுப்பை அந்தக் குழந்தையிடம் தரலாம். அவன் அடிக்காவிட்டால் நாடகம் நகராது. பேசாதிருப்பவனை நம்பி எல்லோரும் காத்திருப்பார்கள்.

இன்னொரு பொறுப்பு கனமானது. 'காணாமல் போனது எது' என்று கேட்டால் குடும்பத்துத் துயரமும் வெளியே வரும். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவைப் பற்றி ஒரு குழந்தை சொன்னால், அந்தக் குழந்தையையே அதில் நடிக்கவைத்து ஊர் முன் நிறுத்துவது கொடுமை. கதையைக் காட்டுக்கு, விலங்குகளுக்கு, வேறொரு காலத்துக்கு நகர்த்திக் கற்பனைப் பாத்திரத்தின் பின்னால் குழந்தையை நிற்கவைப்பார்கள் அனுபவமுள்ள கலைஞர்கள். கரடி அப்பா கத்துவதைப் பற்றி வகுப்பே பேசலாம். யார் வீடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு ஆபத்து இருப்பது தெரிந்தால் அது நாடகத்துக்குரிய பொருளே அல்ல. பள்ளியிடமும் உரிய பாதுகாப்பு அமைப்பிடமும் சொல்ல வேண்டிய செய்தி அது.

தமிழ்ச் சூழலில்

யாழ்ப்பாணத்தில் 1978ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் அரங்குக்கு ஒரு தனிப் பாதை அமைத்தார். அவரது 'கூடி விளையாடு பாப்பா' ஈழத்துச் சிறுவர் நாடகங்களில் நன்கு அறியப்பட்டது. புதுச்சேரியில் வேலு சரவணனின் ஆழி குழு 'கடல் பூதம்' முதலிய நாடகங்களோடு பள்ளி பள்ளியாகச் சென்றது. நடிகர்கள் பார்க்கும் குழந்தைகளை ஆட்டத்துக்குள் இழுத்துவிடும் அரங்கு அது. இவை கலைஞர் படைத்த நாடகங்கள். எனினும் குழந்தை பார்வையாளராக மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தைப் பரப்பின. குழந்தைகளே படைக்கும் நாடகத்துக்கு இது பக்கத்து வீடு.

தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிறார்கள். இரண்டு ஆசிரியர்களே இருக்கும் சிறு பள்ளிகளில் பல வகுப்புகள் ஒரே அறையில் அமர்வதும் உண்டு. பாடம் நடத்துவதற்கு இது பெரும் இடைஞ்சல். நாடகத்துக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. ஐந்தாம் வகுப்பு அக்கா சொல்லும் வரியை ஒன்றாம் வகுப்புத் தம்பி திருப்பிச் சொல்லி ஆட்டத்தில் சேர்ந்துகொள்வான். வெளியிலிருந்து கலைஞர் வருவதற்கு வழியில்லாத ஊரில், தெருக்கூத்தோ ஒயிலாட்டமோ தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரையும் விருப்பமுள்ள ஆசிரியர் ஒருவரையும் சேர்த்தே தொடங்கலாம். கூத்தரிடம் அடவும் தாளமும் உண்டு, ஆசிரியருக்குப் பிள்ளைகளைத் தெரியும். வாரத்துக்கு ஒரு பிற்பகலும், பெஞ்சுகளை ஓரம் தள்ள அனுமதியும் கிடைத்தால் முதல் வட்டத்தை அமைத்துவிடலாம்.